உணவில் சீசியம் இருக்கிறதா? ஆய்வகச் சோதனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 மார்ச் 11ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. அடுத்த சில நாட்களிலேயே அந்த மாவட்டத்துப் பாலிலும், பக்கத்து இபராக்கி மாவட்டத்துக் கீரையிலும் கதிரியக்கப் பொருட்கள் வரம்பு மீறி இருப்பது தெரியவந்தது. ஜூலையில் மாட்டிறைச்சி. விபத்துக்குப் பிறகும் வயலில் வெட்டவெளியில் கிடந்த வைக்கோலை மாடுகளுக்குப் போட்டிருந்தார்கள்; வைக்கோலில் படிந்திருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அப்படியே இறைச்சிக்கு வந்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் ஜப்பானில் காய்கறி வாங்கும் பெண்கள்கூட கதிரியக்கத்தை அளக்கும் 'பெக்கரல்' என்ற அலகைப் பேசத் தொடங்கினார்கள். இவாக்கி நகரத்தில் நவம்பர் 2011இல் தாய்மார்கள் முன்னின்று 'தாராச்சினே' என்ற அளவீட்டுக் கூடத்தையே நிறுவிவிட்டார்கள். அரசு ஆய்வகங்கள், விவசாயக் கூட்டுறவுகள், பொதுமக்கள் நடத்தும் கூடங்கள் என்று எல்லா இடத்திலும் சேர்த்து அன்று உருவான அனுபவம்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. இயற்பியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் சுற்றுவட்டாரப் பால், மீன், அரிசியை அளக்கும் முறைக்கும் அடிப்படை இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் மெஷின் செய்வது பாதிதான். மாதிரியை எப்படி எடுத்தோம், எப்படி நிரப்பினோம், 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும்போது அதன் பக்கத்தில் என்ன எண்ணைப் போட்டோம் என்பது மீதிப் பாதி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த மீதிப் பாதியில்தான்.

எதைத் தேடுகிறோம்?

ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உணவில் அதை ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று சொல்வோம். அணு உலை விபத்துக்குப் பிறகு உணவில் முக்கியமாகத் தேடப்படுபவை மூன்று: அயோடின்-131, சீசியம்-134, சீசியம்-137. அயோடினின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 8 நாள், ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் அது கணக்கிலிருந்து போய்விடும். சீசியம்-134க்கு அரை ஆயுள் சுமார் 2 ஆண்டு, சீசியம்-137க்கு சுமார் 30 ஆண்டு. கடைசி வரைக்கும் நம்மோடு இருக்கப்போவது 137தான்.

ஜப்பானில் முதலில் காய்கறி, தானியம், இறைச்சிக்கு கிலோவுக்கு 500 பெக்கரல் என்ற தற்காலிக வரம்பு இருந்தது. 2012 ஏப்ரலில் அதை இறுக்கினார்கள்: பொது உணவுக்கு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. இது சீசியம்-134, 137 இரண்டையும் கூட்டிய எண். ஒருவர் உணவு வழியாக ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் பெறக்கூடாது என்ற கணக்கிலிருந்து வந்தது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதலில் சீசியத்துக்கு 1000 பெக்கரல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஜப்பானின் வரம்பு எவ்வளவு கடுமையானது என்று புரியும். கடுமையான வரம்பு வைத்தால் அளக்கும் வேலையும் அதே அளவுக்குக் கடினமாகும்.

அப்புறம், பலர் கேட்கும் கேள்வி: "கைகர் கருவியை, அதாவது கதிர்வீச்சைக் காட்டும் கையடக்கக் கருவியை, வாங்கி மீன் மேலே காட்டினால் தெரியாதா?" தெரியாது. கிலோவுக்கு 100 பெக்கரல் உள்ள ஒரு கிலோ மீனிலிருந்து விநாடிக்கு நூறு சிதைவுதான் நடக்கிறது. அதில் கருவியின் குழாயை எட்டி, அங்கே பதிவாவது மிகச் சொற்பம். நிலத்திலிருந்தும் வானத்திலிருந்தும் இயல்பாகவே வந்துகொண்டிருக்கும் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கத்தில் அது காணாமல் போய்விடும். கைகர் முள் அசையவில்லை என்பதால் உணவு சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோசமான மண்ணைக் கண்டுபிடிக்க அது உதவும், சாப்பாட்டுத் தட்டுக்கு உதவாது.

மாதிரி எடுத்தல்

முதலில் என்ன, எங்கே, எப்போது என்பதை எழுதுங்கள். பொருள், விளைந்த இடம், அறுவடை செய்த அல்லது பிடித்த தேதி, யார் எடுத்தது. தேதி ஏன் என்றால், அயோடின் போன்றவை குறைந்துகொண்டே இருப்பதால் முடிவை மாதிரி எடுத்த நாளுக்குத் திருத்தித்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளப்பதாக இருந்தால், வீணாகும் பகுதி போக ஒன்றரைக் கிலோவாவது கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே செடியில், ஒரே மூலையில் எடுக்காமல் தோட்டத்தின் நான்கைந்து இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். காட்டுக் காளானில் இது இன்னும் முக்கியம். ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்து முளைத்த இரண்டு காளான்கள்கூட வேறுவேறு எண்ணைக் காட்டும்.

பிறகு, எதைச் சாப்பிடுவோமோ அதை மட்டும் அளக்கவேண்டும். கீரை, கிழங்கு என்றால் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவ வேண்டும். சமையலுக்கு எப்படிக் கழுவுவோமோ அப்படி. அதற்கு மேல் தேய்த்தால் உள்ளதையும் கழுவி அனுப்பிவிடுவோம். மீனில் தலை, முள், குடல் நீக்கிச் சதையை மட்டும் எடுக்கவேண்டும். முழுசாகச் சாப்பிடும் பொடிமீன் என்றால் முழுசாக. அரிசியில் தவிட்டை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் சீசியம் தவிட்டில்தான் அதிகம் தங்கும். ஜப்பானில் தீட்டாத அரிசியை அளப்பதற்குக் காரணம் அதுதான். தீட்டிய பிறகு எண் இறங்கத்தான் செய்யும்.

காய்ந்த பொருட்கள் பலரைக் குழப்பும். கிலோவுக்கு 50 பெக்கரல் உள்ள ஈரக் காளானைக் காயவைத்தால் எடை பத்தில் ஒரு பங்காகிவிடும், சீசியம் அப்படியே இருக்கும், எண் மட்டும் 500 ஆகிவிடும். இது வரம்பு மீறலா? ஊறவைத்துச் சாப்பிடும் பொருளை ஊறிய நிலையில்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும் என்பது ஜப்பானிய விதி. பச்சைத் தேயிலையை இலையாக அல்ல, வடித்த தேநீராக, குடிநீரின் 10 பெக்கரல் வரம்போடு ஒப்பிடுவார்கள். ஆகவே அறிக்கையில் 'காய்ந்த எடையில்', 'ஊறிய எடையில்' என்று கட்டாயம் எழுதவேண்டும். இதை எழுதாத அறிக்கைகளை வைத்து இணையத்தில் எத்தனையோ பேர் தேவையில்லாமல் பயந்திருக்கிறார்கள். அதே குழப்பத்தால் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்தவர்களும் உண்டு.

நறுக்கி நிரப்புதல்

காமா கதிர் (அணு சிதையும்போது வரும் ஊடுருவும் கதிர்) அளவீட்டில் பொதுவாகப் பயன்படுவது மரினெல்லி பீக்கர். வெளியே பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் டப்பாதான். அடியில் மட்டும் உள்நோக்கி ஒரு பெரிய குழி இருக்கும். டிடெக்டரின், அதாவது கதிரை உணரும் பகுதியின், மேல் அதைக் கவிழ்த்த மாதிரி உட்காரவைத்தால், உணவு டிடெக்டரை மேலேயும் சுற்றிலும் சூழ்ந்துகொள்ளும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் அளவுகளில் கிடைக்கும்.

உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்து, வெறும் பாத்திரத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளைப் பொடியாக நறுக்குங்கள், அல்லது மிக்ஸியில் அரையுங்கள். படியில் அரிசி அளப்பவர்கள் தட்டித் தட்டி நிரப்புவதைப் போல, கொஞ்சம் போட்டு மேசையில் தட்டி, மறுபடி கொஞ்சம் போட்டுத் தட்டி நிரப்பவேண்டும். குழியின் விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். கீரையில் காற்று இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அந்த இடம் டிடெக்டருக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே ஒரு ஸ்பூன் அளவு வெற்றிடம் விட்டால் வரும் பிழை, மேல் விளிம்பில் அதே அளவு விட்டால் வருவதைவிடப் பல மடங்கு. குறித்த கோடு வரை சரியாக நிரப்புங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மூடி, வெளிப்புறத்தைத் துடைத்து, மறுபடி எடை போடுங்கள். எடையிலிருந்து அடர்த்தி வரும். அரிசி அடர்த்தியானது, அதன் நடுவிலிருந்து கிளம்பும் கதிரில் ஒரு பகுதியை அரிசியே விழுங்கிவிடும். கீரையில் அப்படி அவ்வளவு நடக்காது. மென்பொருள் இதைத் திருத்தும், ஆனால் நீங்கள் கொடுக்கும் எடை சரியாக இருந்தால்தான்.

கத்தி, பலகை, மிக்ஸி ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் கழுவவேண்டும். சந்தேகமில்லாத பொருட்களை முதலில், காட்டுப்பன்றி, காட்டுக் காளான் போன்றவற்றைக் கடைசியில் எடுங்கள். டிடெக்டரின் மேல் ஒரு பை மாட்டி வையுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுச் சாறு ஒழுகினாலும் அடுத்து வரும் மாதிரிகள் அத்தனையிலும் அது தெரியும்.

மெஷினைத் தயார் செய்தல்

இரண்டு வகை டிடெக்டர் உண்டு. சோடியம் அயோடைடு படிகம் விலை குறைவு, அறை வெப்பத்தில் வேலை செய்யும், பொதுமக்கள் கூடங்களில் பெரும்பாலும் இதுதான். ஜெர்மானியம் விலை அதிகம். வேலை செய்யும்போது அதை மிகக் குளிராக வைக்கவேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், அல்லது மின்குளிர்விப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் கூர்மையில். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்குரிய ஆற்றலில் திரையில் ஒரு மேடாக, அதாவது முகடாகத் தெரியும். சோடியம் அயோடைடில் ஒரு முகடு 40 அலகு அகலத்துக்குப் பரந்து கிடக்கும் இடத்தில், ஜெர்மானியத்தில் அது 2 அலகுக்குள் ஊசிபோல நிற்கும். இங்கே அலகு என்பது கதிரின் ஆற்றலை அளக்கும் கிலோ எலக்ட்ரான் வோல்ட், பேச்சில் கேஇவி.

எதுவானாலும் தடிமனான ஈயக் கவசத்துக்குள்தான் இருக்கும். காலையில் முதல் வேலை, பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய பாத்திரத்தை வைத்துப் பார்ப்பது. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் இருக்கிறதே, அதே பொருள்தான், ஆய்வகத்தில் தூய்மையானதை வைத்திருப்பார்கள். ஒரு கிலோவில் இயற்கையாகவே சுமார் 16,000 பெக்கரல் பொட்டாசியம்-40 இருக்கும். அதன் முகடு 1461 கேஇவியில் நிற்க வேண்டும். ராத்திரி ஏசி அணைத்திருந்து காலையில் போட்டால் சோடியம் அயோடைடில் அந்த முகடு நகர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அறை வெப்பம் நிலைக்கும் வரை பொறுத்திருந்து சரிசெய்த பிறகே மாதிரியை வையுங்கள். இந்த வேலையில் பொறுமையைத் தவிர குறுக்குவழி கிடையாது.

அடுத்தது பின்புலம், அதாவது மாதிரி இல்லாமலேயே டிடெக்டரில் பதிவாகும் இயல்பான கதிர்வீச்சு. அதே பாத்திரத்தில் சுத்தமான தண்ணீரை நிரப்பி அளந்து வைத்துக்கொள்ளவேண்டும், அதைக் கழித்தால்தான் உணவுடையது தெரியும். மாதிரியை எவ்வளவு நேரம் அளக்கப்போகிறீர்களோ, பின்புலத்தையும் குறைந்தது அவ்வளவு நேரம் அளக்கவேண்டும். எண் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சான்றளித்த மாதிரிப் பொருள் வேண்டும். ஜப்பானின் தேசிய அளவியல் நிறுவனம் சீசியம் உள்ள தீட்டாத அரிசியையே அப்படித் தயாரித்துக் கொடுத்தது.

நிறமாலையைப் படித்தல்

நிறமாலை என்பது எந்த ஆற்றலில் எத்தனை கதிர் பதிவானது என்று காட்டும் வரைபடம். திரையில் இடமிருந்து வலமாக ஆற்றல் கூடிக்கொண்டே போகும். சீசியம்-137 என்றால் 662இல் ஒரு முகடு. சீசியம்-134 என்றால் 605, 796 என இரண்டு முக்கிய முகடுகள். அயோடின்-131 என்றால் 364. வலது கோடியில் 1461இல் பொட்டாசியம்-40 கிட்டத்தட்ட எல்லா உணவிலும் நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு கிராம் பொட்டாசியத்தில் எப்போதும் சுமார் 31 பெக்கரல் உண்டு. பாலில், வாழைப்பழத்தில், நம் உடம்பிலேயே இருக்கிறது. கொம்பு என்னும் காய்ந்த கடற்பாசியில் கிலோவுக்கு ஆயிரத்துக்கு மேலேயே போகும். 100 பெக்கரல் வரம்பு சீசியத்துக்கு மட்டும்தான்.

மென்பொருள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது தப்பு. மண்ணிலும் காற்றில் உள்ள ரேடானிலும் இருந்து வரும் பிஸ்மத்-214 என்ற இயற்கைப் பொருள் 609இல் முகடு காட்டும். சோடியம் அயோடைடுக்கு 605, 609 இரண்டும் ஒன்றுதான். மண் ஒட்டிய கிழங்கை வைத்தால் "சீசியம்-134 உள்ளது" என்று மெஷின் தயங்காமல் சொல்லிவிடும். தோரியத்திலிருந்து வரும் தாலியம்-208ம் 583இல் பக்கத்திலேயே நிற்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் மோனசைட் மணல் உள்ள கடற்கரையில் விளைந்ததைச் சரியாகக் கழுவாமல் அளந்தால், செர்னோபிலுக்கும் புகுஷிமாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலேயே இந்தப் பொய் முகடு வரலாம். அயோடின் இடத்துக்கும் இதே கதை: ஈயம்-214 352இல் நின்று 364 மாதிரித் தெரியும். விபத்து நடந்து ஆண்டுகள் கழிந்த பிறகு ஒரு சிறு மெஷின் அயோடின் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷினைத்தான்.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி, இரண்டு சீசியத்தின் விகிதம். 2011 மார்ச்சில் புகுஷிமாவிலிருந்து வெளியானபோது 134ம் 137ம் ஏறத்தாழ சம அளவு. 134 வேகமாகக் குறைவதால், 2023 ஆகஸ்ட் வாக்கில் அது 137இல் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகவே அந்தச் சமயத்து மாதிரியில் 137 இல்லை, 134 மட்டும் இருக்கிறது என்று வந்தால் அது சீசியமே இல்லை. 796இல் முகடு இருக்கிறதா என்று பாருங்கள், மறுபடி கழுவி அளந்து பாருங்கள், அப்படியும் தீராவிட்டால் ஜெர்மானியம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

'கண்டறியப்படவில்லை' என்றால் என்ன?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கதிரியக்கச் சிதைவு ஒழுங்காக மணி அடித்தமாதிரி வராது. 1600 எண்ணிக்கை பதிவானால், மறுமுறை அளக்கும்போது 1570 வரலாம், 1640 வரலாம். அந்த ஆட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவு இருக்கும், அதாவது 40 மாதிரி. இந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு சிறியது எதுவும் நமக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி, 30 நிமிட அளவீடு. 662இல் டிடெக்டரின் திறன் 3 சதவீதம், அதாவது மாதிரியிலிருந்து வரும் நூறு கதிரில் மூன்று பதிவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசியம்-137 சிதையும்போது 85 சதவீதம் தடவைதான் அந்தக் காமா கதிர் வரும். 1800 விநாடியை இவற்றோடு பெருக்கினால், ஒரு பெக்கரலுக்கு 46 எண்ணிக்கை. பின்புலம் 1600 என்றால், மாதிரியின் ஆட்டமும் பின்புலத்தின் ஆட்டமும் சேர்ந்து சுமார் 57. அதன் மூன்று மடங்கு 170. அதை 46ஆல் வகுத்தால் 3.7. இந்த அமைப்பில் கிலோவுக்கு 3.7 பெக்கரலுக்குக் கீழே உள்ளதை நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதுதான் கண்டறியும் எல்லை. இரண்டு மணி நேரம் அளந்தால் எல்லை பாதியாகும். நேரத்தை நாலு மடங்காக்கினால் எல்லை பாதியாகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்குப் பதில் நூறு கிராம்தான் கிடைத்தது என்றால் எல்லை பல மடங்கு உயர்ந்துவிடும்.

அதனால் 'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் எழுதிய அறிக்கைக்கு அர்த்தமே இல்லை. எல்லை 1 பெக்கரலாக இருந்து கண்டறியப்படாததும், எல்லை 25ஆக இருந்து கண்டறியப்படாததும் ஒன்றா? ஜப்பானில் விரைவுச் சோதனைக்கு அனுமதித்த மெஷின்கள் 25 பெக்கரல் வரை பார்க்க முடிந்தால் போதும் என்று விதி. 100ஐத் தாண்டியதா என்று வடிகட்ட அது போதும், சந்தேகம் வந்தால் ஜெர்மானியத்தில் உறுதிசெய்துகொள்வார்கள். புகுஷிமா மாவட்டம் 2012 விளைச்சலில் ஒரு கோடிக்கும் மேலான அரிசி மூட்டைகளை ஒன்றுவிடாமல் பெல்ட்டில் ஓட்டிப் பார்த்தது இந்த மாதிரி வடிகட்டும் முறையில்தான். அந்த ஆண்டு வரம்பு மீறியவை 71 மூட்டை. வயலில் பொட்டாசியம் உரம் கூட்டிப் போட்டதும் சேர்ந்து எண்ணிக்கை வேகமாக இறங்கி, 2015 விளைச்சலிலிருந்து ஒன்றுகூட மீறவில்லை. மகத்தான உழைப்பு அது. ஆனால் கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கும் ஒரு தாய் "5 பெக்கரலாவது இருக்கிறதா?" என்று கேட்டால், அந்த பெல்ட் மெஷினால் பதில் சொல்ல முடியாது. அவருக்கு நீண்ட நேர அளவீடு வேண்டும். கேள்வி என்ன என்று தெரிந்துகொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

அறிக்கையில் எண்ணோடு அதன் பிழையளவு, கண்டறியும் எல்லை, அளந்த நேரம், எடை, டிடெக்டர் வகை, கழுவியதா, எந்த ஈரநிலை, எந்தத் தேதிக்குத் திருத்தியது எல்லாம் இருக்கவேண்டும். மக்கள் கையில் கொடுக்கும்போது கூடவே இதையும் சொல்லலாம்: பெரியவர்கள் ஒரு பெக்கரல் சீசியம்-137ஐ விழுங்கினால் கிடைப்பது சுமார் 0.013 மைக்ரோசீவெர்ட் (மில்லிசீவெர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோசீவெர்ட்). கிலோவுக்கு 20 பெக்கரல் உள்ள அரிசியில் ஒரு கிலோ சாப்பிட்டால் 0.26. அதைச் சொல்லிவிட்டு, சாப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் மரியாதை.

ஸ்ட்ரான்சியம் வேண்டுமென்றால்

அணு உலையில் உண்டாகும் இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 காமா கதிர் விடாது, எளிதில் தடுக்கப்படும் பீட்டா கதிர் மட்டும்தான். மேலே சொன்ன மெஷின் எதிலும் அது தெரியாது. ஜப்பானின் 100 பெக்கரல் வரம்பை வகுக்கும்போதே, சீசியத்தோடு கூட வரக்கூடிய ஸ்ட்ரான்சியம், புளூட்டோனியம், ருத்தேனியம் இவற்றின் பங்கையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் சீசியத்தை மட்டும் அளந்தால் போதும் என்றார்கள். நில விளைச்சலுக்கு அது நியாயமான ஏற்பாடு. நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடித்த மீனுக்கு அந்த விகிதம் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள நான் மாட்டேன். 2023 மே மாதம் அங்கே பிடித்த ஒரு கறுப்புப் பாறைமீனில் சீசியமே கிலோவுக்கு 18,000 பெக்கரல் இருந்தது.

ஸ்ட்ரான்சியத்தை அளக்க உணவைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, வேதிமுறையில் கால்சியத்திலிருந்து பிரிக்கவேண்டும். பிறகு அது சிதைந்து உருவாகும் இட்ரியம்-90 ஊறி நிறையும் வரை இரண்டு வாரம் காத்திருந்து அதை எண்ணுவார்கள். செலவும் நாளும் அதிகம், செய்யும் கூடங்களும் குறைவு. தாராச்சினே அவற்றில் ஒன்று. மீன் எலும்பில்தான் ஸ்ட்ரான்சியம் சேரும் என்பதால், சீசியத்துக்காகச் சதையை மட்டும் எடுத்துவிட்டு முள்ளைக் குப்பையில் போட்டால் பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மாதிரி வந்த அன்றே கொண்டுவந்தவரிடம் கேட்டுவிடுங்கள். தேவைப்படலாம் என்றால் முள்ளையும், சீசியம் அளந்து முடித்த சதையையும் தனித்தனிப் பையில் எண் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.